பொன்னியின் செல்வனுக்கு முன்னால் ஒரு கள்வன்

திருப்பனந்தாளிலிருந்து வடக்கே போகும் சென்னை சாலையில் சில கிலோமீட்டர் போனால் அணைக்கரை வந்துவிடும். ஆர்தர் காட்டன் 1836-ல் கட்டிய கீழணை கொள்ளிடத்தை அங்கேதான் மறிக்கிறது. அதே திருப்பனந்தாளிலிருந்து கிழக்கே பந்தநல்லூர் வழியாகப் போனால் மணல்மேடு. அதை அடுத்த புத்தமங்கலத்தில்தான் 1899 செப்டம்பர் 9-ஆம் நாள் ரா. கிருஷ்ணமூர்த்தி பிறந்தார். கல்கி என்ற பெயரில் அவர் எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ இந்தப் பகுதி வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் புத்தகம். 2022-லும் 2023-லும் மணிரத்னத்தின் படம் இரண்டு பாகமாக வந்த பிறகு, புத்தகத்தைத் தொடாதவர்களுக்கும் வந்தியத்தேவன் தெரிந்தவனாகிவிட்டான். வீரநாராயண ஏரிக்கரையில் குதிரை ஏறி வரும் அந்த வாலிபன் கொள்ளிடத்தைக் கடந்து குடந்தைக்குப் போகிறான். அதே கொள்ளிடத்தின் கரையில், அதே எழுத்தாளர், அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பே இன்னொரு வாலிபனை ஓடவிட்டிருக்கிறார். அவனுக்குக் குதிரை கிடையாது, ஓலை கிடையாது, பின்னால் ஒரு பேரரசும் கிடையாது. அவன் பெயர் முத்தையன். 1937-ல் ஆனந்த விகடனில் வாராவாரம் வந்த ‘கள்வனின் காதலி’யின் நாயகன். இந்தப் பழைய காதல் தொடரை இன்று ஒருவர் எடுத்துப் படிக்கத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிப் பார்க்கலாம்.

கேள்வி கல்கிக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானில் மங்கா என்று சொல்லப்படும் சித்திரக் கதைகளின் வாசகர்கள் இதை அடிக்கடி கேட்டுக்கொள்வார்கள். நவோகி உரசாவா என்ற ஓவியர் 1994-ல் தொடங்கிய ‘மான்ஸ்டர்’ என்ற இருண்ட மர்மத் தொடரால் உலகெங்கும் பெயர் பெற்றவர். அதற்கு முன் 1986 முதல் 1993 வரை ஜூடோ ஆடும் ஒரு பெண்ணைப் பற்றி ‘யவாரா’ என்று கலகலப்பான தொடர் ஒன்றை வரைந்திருக்கிறார். அதில் விளையாட்டோடு காதலும் சிரிப்பும் உண்டு. பின்னதில் மயங்கியவர்கள் முன்னதைத் தேடிப் போகலாமா? நமக்கும் ஜப்பானியருக்கும் இதில் பொதுவான ஒன்று இருக்கிறது. வாரப் பத்திரிகை, அதில் படத்தோடு வரும் தொடர்கதை, அடுத்த இதழுக்குக் காத்திருக்கும் கூட்டம். இந்த ஏற்பாட்டில் வளர்ந்த படைப்பாளி பெரும்பாலும் காதலிலும் சிரிப்பிலும் தொடங்கி, வாசகரைக் கைக்குள் போட்டுக்கொண்ட பிறகே பெரிய களத்துக்குப் போகிறார். அதனால் ஆரம்பத் தொடர்களைப் பற்றி இரண்டு தயார் பதில்கள் நிலவுகின்றன. பக்தர்கள், அவர் எழுதியது எல்லாமே படிக்க வேண்டியவை என்பார்கள். மற்றவர்கள், அது கைப்பழக்கம், பெரிய நாவலுக்கு ஒத்திகை, ஆராய்ச்சி மாணவருக்கு உதவும் என்று ஒதுக்குவார்கள். ‘கள்வனின் காதலி’ விஷயத்தில் இரண்டையும் நான் ஏற்கவில்லை. கல்கி எழுதிய எல்லாவற்றையும் படித்தாக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. ஆனால் இந்த நாவலை ஒத்திகையாக நினைப்பது பெரிய தவறு. பிற்காலச் சரித்திர நாவல்களில் கல்கி செய்யத் துணியாத ஒன்றை இதில் செய்திருக்கிறார்.

கதை எளிது. கொள்ளிடக் கரையை ஒட்டிய பூங்குளம் கிராமம். தாய் தந்தை இல்லாத முத்தையன், அவன் தங்கை அபிராமி. முத்தையனுக்கும் கல்யாணிக்கும் சிறு வயதிலிருந்து பிரியம். கையில் காசில்லை, வயது வந்த தங்கை வீட்டில் இருக்கிறாள், இருவருக்குமே ரோஷம் அதிகம். கல்யாணி தாமரை ஓடைப் பண்ணையார் பஞ்சநதம் பிள்ளை என்ற வயதானவருக்கு வாழ்க்கைப்படுகிறாள். முத்தையன் தங்கையைக் கூட்டிக்கொண்டு திருப்பரங்கோயில் என்ற ஊருக்குப் போய் அங்குள்ள மடத்தில் கணக்கு எழுதும் வேலையில் சேர்கிறான். மடத்துக் கார்வார் சங்குப் பிள்ளையின் கண் அபிராமிமேல் விழுகிறது. முத்தையன் அவரை நையப் புடைக்கிறான். அவர் பொய்ப் புகார் கொடுக்கிறார். லாக்கப்பில் அடைபட்டவன் அங்கிருந்து தப்பிக் கொள்ளிடப் படுகையில் ஒளிகிறான். திருடாதவனைத் திருடன் என்று அடைத்தார்கள். அவன் திருடனாகவே ஆகிவிடுகிறான். சப்-இன்ஸ்பெக்டர் சர்வோத்தம சாஸ்திரி அவனைத் தேடுகிறார். கதியற்ற அபிராமிக்கு ஆதரவு தருவதும் அந்தச் சாஸ்திரியின் வீடுதான். கிழக் கணவர் இறந்து, சொத்துக்கு உரியவளாகத் தனித்து நிற்கும் கல்யாணியும், தலைமறைவாகத் திரியும் முத்தையனும் மறுபடி சந்திக்கிறார்கள். 1955-ல் சிவாஜி கணேசனும் பானுமதியும் நடித்து, வி. எஸ். ராகவன் இயக்கத்தில் இது படமாக வந்தது. ஆகையால் முடிவைச் சொல்வதால் யாருடைய சுவாரசியத்தையும் கெடுத்தவனாக மாட்டேன். முடிவைச் சொல்லாமல் இந்த நாவலின் தகுதியைப் பேசவும் முடியாது.

முதல் அத்தியாயங்களைப் படிப்பவர் இதை இனிய காதல் நகைச்சுவை என்றே எடுத்துக்கொள்வார். பூப்பறிக்கும் தங்கை, அவளைச் சீண்டும் அண்ணன், பாழடைந்த கோயிலில் சந்தித்துச் சண்டை போட்டுக்கொள்ளும் காதலர்கள் என்று எல்லாம் அந்தச் சுருதியில்தான் தொடங்குகின்றன. ‘ஏட்டிக்குப் போட்டி’ என்ற நகைச்சுவைக் கட்டுரையோடு விகடனில் கால் வைத்தவர் கல்கி. கதை சொல்லும்போதும் அந்தக் குரல் அவரை விடவில்லை. பக்கத்தில் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவரைப் போல வாசகரை அழைத்துக்கொள்கிறார். போலீஸ்காரர்களின் பேச்சையும் ஊர்ப் பெரியமனிதர்களின் பெருமையையும் இலேசாகத் தட்டிவிட்டுப் போகிறார். காதலர் சண்டை என்பது காதல் நகைச்சுவைக்கு அச்சாணி. ஒருவர்மேல் ஒருவருக்கு உயிர். வாயைத் திறந்தால் வம்பு. இன்னும் பத்து அத்தியாயத்தில் ஊடல் தீர்ந்து பந்தல் போடுவார்கள் என்று வாசகர் நம்பி உட்காரும்போது, அந்தச் சண்டையே கல்யாணியை வேறொருவர் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. முத்தையனின் ரோஷத்தை நாம் ரசித்துக்கொண்டிருந்தோம். அதற்கு விலை உண்டு என்று கல்கி எடுத்த எடுப்பிலேயே கணக்குத் தீர்க்கிறார். நாவலின் இயக்கம் முழுவதும் இப்படித்தான் நடக்கிறது. சிரிக்க வைப்பதற்கென்று மேடையிலும் கதையிலும் காலங்காலமாகப் புழங்கும் உத்தி ஒன்றை எடுத்துக்கொள்வார்; நம்மைச் சிரிக்கவும் விடுவார்; பிறகு அதே உத்தி திரும்பி வந்து யாராவது ஒருவரின் வாழ்க்கையில் அறையும்.

இதற்கு நாவலில் இருக்கும் மிகச் சிறந்த சான்று நாடகக் கொட்டகை. முத்தையனின் நண்பன் கமலபதி நாடகக் கம்பெனி நடிகன், ஸ்திரீபார்ட் போடுகிறவன். சென்னையில் அந்தக் கம்பெனி ‘சங்கீத சதாரம்’ நடத்தும்போது முத்தையன் அதில் திருடன் வேஷம் கட்டுகிறான். சதாரம் அந்தக் காலத்துக் கம்பெனிகள் திரும்பத் திரும்பப் போட்ட நாடகம்; அதில் வரும் திருடனுக்கு ஜனங்கள் மத்தியில் இருந்த மவுசு தனி. அந்த வேஷத்துக்குக் ‘கள்ளபார்ட்’ என்றே பெயர். ராஜபார்ட்டுக்குக் கிடைக்காத கைதட்டலும் சில நாள் கள்ளபார்ட்டுக்குக் கிடைத்துவிடும். கல்கி என்ன செய்கிறார் என்று பாருங்கள். தஞ்சாவூர் ஜில்லாப் போலீஸ் படுகை படுகையாகத் துழாவிக்கொண்டிருக்கும் ஆள், பட்டணத்து நடுவில், விளக்கு வெளிச்சத்தில், டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்த கூட்டத்தின் முன்னால் திருடனாகவே நின்று பாடுகிறான். மறைந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. வேடிக்கை இதோடு முடிந்திருந்தால் சாமர்த்தியமான காட்சி என்று பாராட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடலாம். கொஞ்சம் நின்று யோசித்தால் அதற்குள் இருக்கும் கசப்பு தெரியும். ஊரில் முத்தையன் நேர்மையான கணக்குப்பிள்ளையாக இருந்தபோது அவனை யாரும் நம்பவில்லை. மேடையில் திருடனாக நிற்கும்போது ஊரே கொண்டாடுகிறது. கார்வார் பிள்ளையின் ஒரு வார்த்தை அவன்மேல் கட்டிய வேஷத்தை அவன் இனி அவிழ்க்க முடியாது. அதை நன்றாக நடித்துக் காட்டத்தான் முடியும். இவ்வளவையும் ஒரு பிரசங்கமும் இல்லாமல், ஒரு கலகலப்பான நாடக இரவுக்குள் வைத்துவிட்டார்.

அடுத்த சான்று முடிவு. சேர்ந்து வெளியூர் போய்விடலாம் என்று முத்தையனும் கல்யாணியும் நம்பிக்கொண்டிருக்கும் வேளையில், நண்பனைக் காப்பாற்றக் கமலபதி பெண் வேஷத்தில் வருகிறான். முத்தையன் அவனை அணைத்துக்கொள்கிறான். தூரத்திலிருந்து கல்யாணி பார்க்கிறாள். அவள் கண்ணில் பட்டது, தன் காதலன் இன்னொருத்தியைத் தழுவி நிற்கும் காட்சி. ஆண் பெண்ணுடை அணிவதும், அதை ஒருவர் தப்பாகப் புரிந்துகொள்வதும் உலகத்து நகைச்சுவை நாடகங்கள் எல்லாவற்றிலும் உள்ள பழைய சரக்கு. ஷேக்ஸ்பியரிலும் உண்டு, நம் தெருக்கூத்திலும் உண்டு, இன்றைய சினிமாவிலும் உண்டு. எல்லா இடத்திலும் அதற்கு ஒரே முடிவு: வேஷம் கலையும், எல்லாரும் சிரிப்பார்கள், ஜோடி சேரும். கல்கி அந்தக் கடைசிப் படியை எடுத்துவிட்டார். பொறாமையில் கொதித்த கல்யாணி முத்தையன் இருக்கும் இடத்தைப் போலீஸுக்குச் சொல்லிவிடுகிறாள். உண்மை தெரியும்போது நேரம் கடந்துவிட்டது. முத்தையனின் உயிர் போகிறது; கல்யாணியும் அவனோடு முடிந்துபோகிறாள். சங்குப் பிள்ளையோ, சர்க்காரோ, சொத்துக்கு அலையும் உறவினரோ முத்தையனைப் பிடித்துக் கொடுக்கவில்லை. அவனுக்காக எல்லாவற்றையும் விடத் தயாராக இருந்தவளே காட்டிக்கொடுக்கிறாள். முதல் அத்தியாயங்களில் நாம் ரசித்த அதே ரோஷம், அதே அவசரம், அதே ஊடல் இங்கே வந்து நிற்கிறது. நாவலின் தலைப்பைக் கடைசிப் பக்கத்தில் மறுபடி படித்தால் அது வேறு கனத்தோடு ஒலிக்கும்.

இதைப் ‘பொன்னியின் செல்வ’னோடு ஒப்பிடுவதில்தான் என் வாதம் இருக்கிறது. 1950-ல் தொடங்கி மூன்றரை ஆண்டுகள் ஓடிய அந்தப் பெருங்கதையில் மாறுவேஷம், ஒட்டுக்கேட்டல், ஆள்மாறாட்டம், ஓலை களவு போவது எல்லாம் அத்தியாயத்துக்கு ஒன்று வீதம் வருகின்றன. வந்தியத்தேவன் பத்துத் தடவை மாட்டிக்கொள்கிறான். பத்துத் தடவையும் வாயாலேயே தப்பிவிடுகிறான். அந்த விளையாட்டுத்தான் அந்நாவலின் இன்பம். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அங்கேயும் துயரம் இல்லாமல் இல்லை: மணிமேகலையின் முடிவைப் படித்துக் கலங்காதவர் குறைவு. ஆனால் அங்கே துயரத்துக்குக் காரணம் அரண்மனைச் சூழ்ச்சி, வால்நட்சத்திரம், விதி, பழைய பழி. சரித்திரம் முன்பே தீர்ப்பு எழுதிவிட்டதால், ஆதித்த கரிகாலன் இறந்தே ஆக வேண்டும், அருள்மொழி ராஜராஜனாகியே ஆக வேண்டும். பூங்குளத்து முத்தையனுக்கு எந்தக் கல்வெட்டும் தீர்ப்பு எழுதி வைக்கவில்லை. அவன் பிழைத்திருக்கலாம். அவனும் கல்யாணியும் கப்பலேறிப் போயிருக்கலாம். வாசகர் கடைசிவரை அதை எதிர்பார்க்கவும் செய்கிறார். கை நிறைய வாசகர் பாசத்தை வைத்துக்கொண்டு, அந்தப் பாசத்துக்கு விரோதமாக முடிவெடுத்த துணிச்சல் இந்த ஆரம்ப நாவலில் இருக்கிறது. பெயரும் புகழும் சேர்ந்த பிறகு எந்த எழுத்தாளருக்கும் அது கடினமாகிவிடும்.

எதிர்வாதங்கள் உண்டு; அவற்றில் சில கனமானவை. முதலில், இது மிகையுணர்ச்சிக் கதை, தற்செயல்களால் ஓடுகிறது என்ற குறை. புதுமைப்பித்தன் காலத்திலிருந்து கல்கியின் எழுத்தை நோக்கி வீசப்படும் கேள்வி இது, நியாயமான கேள்வியும்கூட. ஆளைத் தேடுகிற சப்-இன்ஸ்பெக்டர் வீட்டிலேயே அவன் தங்கை அடைக்கலம் புகுவது, சரியான நேரத்தில் சரியான ஆள் ஜன்னலோரம் நிற்பது எல்லாம் வாழ்க்கையில் இவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை. வாரத் தொடர் என்ற வடிவத்தின் கூலி அது. ஒவ்வொரு வாரமும் வாசகரை ஒரு படிக்கட்டின் நுனியில் நிறுத்தியாக வேண்டும். அதற்குத் தற்செயல் கைகொடுக்கும். ஆனால் தற்செயல் எதற்குப் பயன்படுகிறது என்பதைப் பார்த்துத்தான் ஒரு நாவலை மதிப்பிட வேண்டும். சோம்பேறி எழுத்தாளர் தற்செயலைக் கொண்டு கதாபாத்திரத்தை இக்கட்டிலிருந்து தூக்கிவிடுவார். கல்கி இங்கே முக்கியமான இடத்தில் தற்செயலைக் கொண்டு கல்யாணியைச் சோதிக்கிறார். கமலபதி அந்த நேரத்தில் வந்தது தற்செயல். பார்த்ததும் ஒரு கேள்விகூடக் கேட்காமல் தீர்ப்பு எழுதியது கல்யாணியின் குணம். அந்தக் குணத்தைப் பாழடைந்த கோயிலிலேயே நமக்குக் காட்டிவிட்டார்.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. அதை மழுப்பக் கூடாது. முத்தையனோடு லாக்கப்பிலிருந்து தப்பிக்கும் கூட்டாளி குறவன் சொக்கன். திருட்டு அவன் தொழில், அது அவன் இனத்துக்கே இயல்பு என்பதுபோல் வரும் எழுத்து இன்று படிக்கக் கூசுகிறது. 1871-ல் வெள்ளையர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்டு, குறவர் சமூகத்தார் உள்ளிட்ட பல மக்களைப் பிறப்பாலேயே குற்றவாளி ஆக்கியிருந்த காலம் அது. மாகாணத்தில் அந்தச் சட்டம் நீங்கியது 1947-ல். நல்ல குடும்பத்துப் பையன் ஒருவன் பொய்ப் புகாரால் திருடனானதற்கு நாவல் முழுக்கக் கண்ணீர் விடும் கல்கி, பிறக்கும்போதே பொய்ப் புகாரோடு பிறந்த சொக்கனுக்கு அந்தக் கண்ணீரில் பங்கு தரவில்லை. இது நாவலின் உண்மையான ஊனம். இதற்காகப் புத்தகத்தையே தள்ளிவிட வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். ஒரு சமூகம் யாரை நம்பும், யாரை நம்பாது என்பதுதான் இந்தக் கதையின் கரு. சொக்கன் வரும் பக்கங்களை விழிப்போடு படிப்பவருக்கு, எழுதியவரின் இரக்கம் எந்த வரப்பில் நின்றுவிட்டது என்பது தெளிவாகத் தெரியும். பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுப்பவர்கள் இதைச் சொல்லிக் கொடுப்பது நல்லது.

பெண்களைப் பற்றிய குறையையும் சேர்த்துப் பேச வேண்டும். சீர்திருத்தம் பேசிய, காந்தி ஆசிரமத்தில் உழைத்த, இந்த நாவலுக்கு முன்பே இருமுறை சிறை சென்றுவந்த கல்கி, இளம் விதவை ஒருத்தியைக் காதலிக்க விட்டு, கடைசியில் கொன்றுவிட்டாரே? ஊர் வாய்க்குப் பயந்துதானே அந்த மறுமணத்தை நடக்கவிடவில்லை? சந்தேகம் எழுவது இயற்கை. ஆனால் நாவலைப் படிக்கும்போது வேறொன்றும் தெரிகிறது. கல்யாணிக்கு ஆசை இருப்பதை, அவள் வெளியூர் போகத் திட்டம் போடுவதை, சொத்தை விட்டுவிடத் துணிவதை எங்குமே பாவம் என்று கல்கி சொல்லவில்லை. அவளை மணந்த கிழவரையும் கொடியவராக்கி எளிதாகத் தப்பிக்கவில்லை. பஞ்சநதம் பிள்ளை தன் தவறை உணர்ந்த, அவளிடம் கனிவாக நடந்துகொள்ளும் மனிதர். வயதான பண்ணையார்கள் இளம் பெண்களை மணப்பது தஞ்சை ஜில்லாவில் சாதாரணமாக இருந்த நாளில், அந்தக் கனிவும் தவறைத் திருத்தாது என்று காட்டியதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. அபிராமியின் வழி வேறு: சென்னைக்குப் போய்ப் படிக்கிறாள், கமலபதியோடு வாழ்க்கை அமைகிறது. காதல் நகைச்சுவைக்கு உரிய நல்ல முடிவு அவளுக்குத்தான் கிடைக்கிறது. அண்ணன் உயிரைக் கொடுத்து வாங்கிய முடிவு அது என்பதை வாசகர் மறக்க மாட்டார்.

சிரிக்கத்தான் வந்தேன், அழுவதற்கு அல்ல என்கிறவருக்கு வேறு நல்ல வழி இருக்கிறது. திருப்பனந்தாளுக்குப் பக்கத்துத் திருவிடைமருதூரில் 1913-ல் பிறந்த மகாதேவன், தேவன் என்ற பெயரில் அதே விகடனில் எழுதிய தொடர்களைப் படிக்கலாம். கல்கி ஆசிரியராக இருந்தபோது உள்ளே வந்து, அவர் விலகிய பிறகு விகடனை நடத்தியவர் அவர். தேவனின் ‘கோமதியின் காதலன்’ படமாக வந்ததும் 1955-ல்தான். ‘கள்வனின் காதலி’ படம் வந்த அதே ஆண்டு. தேவனிடம் காதல் யாருக்கும் காயமில்லாமல் முடியும். அந்தச் சுகத்தைத் தேடுகிறவருக்கு முத்தையன் கதை ஏமாற்றம் தரும். அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை.

காவிரிக் கரைக்காரர்களுக்கு இந்த நாவலைப் படிக்க இன்னொரு காரணமும் உண்டு. இங்கே நிலம் என்றால் நெல், நெல் என்றால் பண்ணையும் கோயிலும் மடமும். திருப்பனந்தாளுக்கே காசித் திருமடம்தான் அடையாளம். குமரகுருபரர் காசியில் தொடங்கிய மரபு இந்த மண்ணில் வேரூன்றித் தமிழுக்கு ஒரு கல்லூரியையும் தந்திருக்கிறது. நாவலில் வரும் திருப்பரங்கோயில் மடம் கற்பனை. எந்த மடத்தையும் அது சுட்டுவதாகத் தேட வேண்டியதில்லை. கல்கியின் கண் மடத்தின்மேல் இல்லை, மடத்தின் பெயரில் அதிகாரம் செய்யும் கார்வார்மேல் இருக்கிறது. குத்தகை, கணக்கு, சாகுபடி என்று ஆயிரம் குடும்பங்களின் பிழைப்பு ஒரு நிர்வாகியின் கையெழுத்தில் தொங்கும்போது, அவர் சொன்ன வார்த்தைக்குப் போலீஸ் ஸ்டேஷனில் என்ன எடை, கணக்குப்பிள்ளையின் வார்த்தைக்கு என்ன எடை? உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்து டெல்டா நொடித்துப்போன ஆண்டுகளை அடுத்து வந்த தொடர் இது. வேலை போனால் வேறு வேலை இல்லை என்ற பயம் முத்தையனின் ஒவ்வொரு அடியிலும் இருக்கிறது. அதே சமயம் சர்வோத்தம சாஸ்திரியைப் பாருங்கள். அன்னிய ஆட்சியின் போலீஸால் சிறைக்கு அனுப்பப்பட்ட எழுத்தாளர், அந்தப் போலீஸ் உத்தியோகஸ்தர் ஒருவரை மனசாட்சியுள்ள மனிதராக, கடமைக்கும் இரக்கத்துக்கும் நடுவில் தவிப்பவராகப் படைத்திருக்கிறார். தனக்கு நேர்ந்ததற்குக் கதையில் பழி தீர்த்துக்கொள்ளாத எழுத்து இது.

பிறகு அந்த ஆறு. மேட்டூர் அணை 1934-ல் முடிந்து, வெள்ளத்துக்குக் கடிவாளம் விழத் தொடங்கிய சமயம். நாவலில் வரும் கொள்ளிடம் அதற்கு முந்திய கொள்ளிடம்: ஆள் உயரத்துக்கு மேல் நாணல், படுகையில் புகுந்தால் பகலிலும் வழி தெரியாத புதர், ஒருவன் மாதக் கணக்கில் ஒளிந்துகொள்ள இடம் கொடுக்கும் கரை. அணைக்கரைப் பாலத்தில் நின்று இன்று பார்ப்பவருக்கு ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் தெரியும். கல்கி இந்த ஆற்றை அலங்காரத்துக்காக எழுதவில்லை. முத்தையனின் உயிர் அந்த நாணலின் அடர்த்தியை நம்பி இருக்கிறது. புத்தமங்கலத்துப் பையனாக அவர் பார்த்து வளர்ந்த கரை என்பதால் வர்ணனையில் ஒரு இடம்கூடப் பொய்யாகப் படவில்லை. சோழர் காலத்துக் கொள்ளிடத்தை அவர் பின்னால் கற்பனை செய்தபோது இந்தக் கரையிலிருந்துதான் எடுத்திருக்க வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு: ‘கள்வனின் காதலி’ படிக்க வேண்டிய நாவல். கல்கியின் மற்றப் புத்தகங்களுக்குத் துணையாக அல்லாமல், தனியாக, அதற்காகவே படிக்க வேண்டியது. ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகம். இது ஒரே புத்தகம். நடுவில் சில அத்தியாயங்கள் தொய்கின்றன. சொத்துத் தகராறு வரும் பகுதிகளை வேகமாகத் தாண்டிப் போனால் இழப்பு அதிகமில்லை. பாழடைந்த கோயில் சந்திப்பையும் சதாரம் நாடக இரவையும் கடைசி அத்தியாயங்களையும் நிதானமாகப் படிக்க வேண்டும். படத்தை முன்பே பார்த்தவர்களும் புத்தகத்தை எடுக்கலாம். கல்கியின் குரல் படத்தில் வராது. நூற்றாண்டு ஆண்டான 1999-ல் அவருடைய எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் பல பதிப்பகங்கள் மலிவு விலையில் போடுகின்றன. இணையத்தில் மதுரைத் திட்டத்தில் காசில்லாமலும் கிடைக்கிறது. ‘பொன்னியின் செல்வ’னை மூன்றாவது தடவை எடுக்க நினைப்பவர்கள் அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, இந்த முறை முத்தையனைப் படியுங்கள்.